வாளி வண்டியும் ஹெர்த்தாவின் வலது கையும்

அத்தியாயம் 9

"முதல் கியர்தாங்க போட்டேன்," என்றாள் ஹெர்த்தா பேன்கென். சொல்லிவிட்டுத் தன் வலது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

துப்பறிவாளர் பிராக்மான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. சிறைச்சாலையின் பார்வையாளர் அறையில் கணப்பு இல்லை. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெளியே தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது, வேறு யாருக்காகவோ.

"உங்க புருஷன் வண்டிக்குப் பின்னாடி எதுக்கு நின்னார்?"

"முந்தின நாள் மழை. முற்றம் பூரா சேறு. சர்ச்சுக்குக் கிளம்பினோம். நான் இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தேன். 'நீ கிளப்பு ஹெர்த்தா, நான் பின்னாடி நின்னு தள்ளறேன்'னு ஹின்ரிக்தான் சொன்னார். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி முன்னாடி போகல. பின்னாடி பாஞ்சிருச்சு. பின்னாடி தொழுவத்துக் கருங்கல் சுவரு..."

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"'முன்னாடி! முன்னாடி!'ன்னு கத்தினார். கீழ குனிஞ்சு பார்த்தேன். முதல் கியர்லதான் இருந்துச்சு. அதனால மறுபடியும் அழுத்தினேன்."

அந்த 'மறுபடியும்'தான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது. என்ஜின் இரண்டு தரம் உறுமியதைப் பக்கத்துப் பண்ணைக்காரி கேட்டிருந்தாள். ஒரு தரம் என்றால் கைத்தவறு. 'முன்னாடி' என்று கத்துகிற மனிதனை இரண்டாம் தரமும் பின்னால் ஏற்றி நசுக்கினால் அது கொலை. மூர்ஹோர்ஸ்ட் கிராமம் அப்படித்தான் தீர்ப்பு எழுதியது. போர் முடிந்தபோது கிழக்கே பிரஷ்யாவிலிருந்து ஒரு கைவண்டியோடு அகதியாக வந்தவள், வசந்தத்தில் பண்ணைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள், இலையுதிரும்போது பண்ணை அவளுக்கு. ஊர் வாய்க்கு இதைவிட நல்ல தீனி வேண்டுமா?

"நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி நிக்கணும்," என்றாள் ஹெர்த்தா. "ஒத்துக்கிடலாம்னு இருக்கேங்க."

"எதை?"

"நான்தான் தப்பாப் போட்டேன்னு. படுத்தா இந்தக் கை தானாவே கியர் போடுது. ஒரு சமயம் முன்னாடி போடுது, ஒரு சமயம் பின்னாடி போடுது. எது நிஜம்னு எனக்கே தெரியல. ஊரு மொத்தமும் ஒண்ணைச் சொல்லி, என் ஒரு கை மட்டும் வேறொண்ணைச் சொன்னா, கைதானே பொய்யா இருக்கணும்?"

பிராக்மான் எழுந்து தொப்பியை எடுத்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த வகையில் அவர் என்றைக்குமே ஏழைதான்.

வெளியே அவருடைய உதவியாளர் டில்டா, மோட்டார் சைக்கிளின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ், உங்க மூஞ்சியைப் பார்த்தா நீங்கதான் உள்ள இருந்து ஜாமீன்ல வந்த மாதிரி இருக்கு. ஏறுங்க பெட்டியில."

மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிதான் பிராக்மானின் ஆசனம். இரண்டு கால்களையும் மடக்கி உள்ளே நுழைந்தார்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு செய்யாத கொலையை ஒத்துக்கப் போவுது, டில்டா."

"செய்யலன்னு எப்படித் தெரியும்?"

"கொலைகாரி தன் கையைச் சந்தேகப்பட மாட்டா. அடுத்தவன் கையைத்தான் காட்டுவா."

"இதை ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க, அழுதுடுவார். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஆயுள் தண்டனை குடுப்பார்," என்று சொல்லி ஆப்பிள் சக்கையை வேலிக்கு மேல் வீசினாள் டில்டா. "சரி, எங்க போறோம்?"

"வண்டியைப் பார்க்க."

* * *

வண்டி மூர்ஹோர்ஸ்ட் தீயணைப்புக் கொட்டகையில் நின்றது. போலீஸ்காரர் லூயர்ஸ் பூட்டைத் திறந்துவிட்டு, கட்டைவிரல்களை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு நின்றார்.

"இதுல துப்பு துலக்க என்னங்க இருக்கு? வண்டி பின்னாடி போச்சு. முதல் கியர்ல எந்த வண்டியாவது பின்னாடி போகுமா? போகாது. அப்ப ரிவர்ஸ்ல இருந்திருக்கு. நான் போய்ப் பார்க்கறப்ப முதல் கியர்ல இருந்துச்சு. அப்ப என்ன அர்த்தம்? அந்தம்மா அப்புறம் மாத்தி வச்சிருக்கு. புருஷன் அங்க துடிக்கறப்ப!"

"ரொம்ப நேர்த்தியா இருக்குங்க," என்றாள் டில்டா. "சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டலாம்."

பிராக்மான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவர் கண் வண்டியில் இருந்தது. தட்டையான தகரப் பக்கங்கள், அதில் வரிவரியாக மடிப்பு, மூக்கின் மேல் படுத்திருக்கும் மாற்றுச் சக்கரம், மடக்கிய கித்தான் கூரை. பட்டாளத்தார் செல்லமாக வாளி வண்டி என்பார்கள். ஹின்ரிக் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து உருளைக்கிழங்கு ஏற்றியிருந்தார். பின்மூடி மட்டும் நசுங்கியிருந்தது. அதை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை.

ஐந்து வருடம் இந்த வண்டியிலேயே வாழ்ந்தவர் அவர். ஒரே வண்டிதான், சட்டை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. பாலைவனத்தில் மணலில் புதையாமல் இருக்கப் பருத்த டயர். ஆற்றுக்கு ஒன்று, தோணி மாதிரி உடம்பும் பின்னால் இறக்கிவிடுகிற சுழல் விசிறியுமாக. தண்டவாளத்தில் ஓட ரயில் சக்கரம் மாட்டிய ஒன்று. எதிரியை ஏமாற்ற மேலே தகரத்தால் பொய் டாங்கி உடம்பு கவிழ்த்த ஒன்று. கடைசியில் பெட்ரோல் தீர்ந்துபோய், விறகை எரித்து அந்தப் புகையில் ஓடிய ஒன்று. ஒவ்வொரு வண்டியிலும் பக்கத்து இருக்கையில் ஒருவன் இருந்தான். ஒவ்வொருவனையும் ஏதோ ஒரு சாலையோரம் புதைத்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினார். கடைசியில் கைதி முகாமிலிருந்து வீட்டுக்கு வந்து அழைப்பு மணியைத் தொட்டபோது, அதற்கு மேலே வேறொருவன் பெயர் இருந்தது. மணியை அடிக்காமலே திரும்பிவிட்டார். அதற்கு வருத்தப்படவில்லை என்று எல்லாரிடமும் சொல்வார். அது பொய்.

குனிந்து வண்டிக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். எங்கும் சேறு அப்பியிருந்தது. கியர்ப் பெட்டியைப் பிடித்திருந்த மரைகளின் முனைகள் மட்டும் புதிதாகத் திருகப்பட்டுப் பளபளத்தன.

"வண்டியைக் கடைசியா யார் ரிப்பேர் பண்ணினது, லூயர்ஸ்?"

"டீக்ஹாஃப்தான். வேற யாரு? கியர் பெட்டியில ஏதோ சத்தம்னு விட்டிருந்தார் ஹின்ரிக். சம்பவத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் குதிரையைப் பூட்டி வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனார்."

"ரிப்பேர் ஆன வண்டியை எதுக்குக் குதிரை இழுக்கணும்?" என்றாள் டில்டா.

"பெட்ரோல் ரேஷன் கூப்பன் உங்க அப்பா குடுப்பாராம்மா? ஹின்ரிக் சர்ச்சுக்குப் போக மட்டும் கொஞ்சம் சேர்த்து வச்சிருந்தார்." லூயர்ஸ் பெருமூச்சு விட்டார். "டீக்ஹாஃப் கை பட்டா வண்டி கண்ணை மூடிக்கிட்டு ஓடும். ஆப்பிரிக்காவுல இதே வாளி வண்டியைப் பிரிச்சு மேஞ்ச ஆளு அவன்."

"என்ஜினைச் சுத்தற கைப்பிடி வண்டியில இல்லையே?" என்றார் பிராக்மான்.

"அவன் பட்டறையில இருக்கும். ஆள் இப்ப விடுதியிலதான் இருப்பான். வழிபாடு முடிஞ்சிருச்சே."

* * *

விடுதியின் மூலையில் வட்டமேஜை ஒன்று இருந்தது. எந்த அறிவிப்பும் இல்லை, ஆனாலும் வெளியாள் யாரும் அங்கே உட்கார மாட்டான். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பீர் குவளை, குவளைக்கு ஒரு உரிமையாளர். போருக்குப் போய்த் திரும்பி வந்தவர்களின் மேஜை அது. ஞாயிறு காலையில் அவர்கள் அங்கே கூடிக் குடிப்பார்கள், தெரிந்த கதைகளையே திரும்பச் சொல்வார்கள், தெரியாததுபோல் கேட்டுக்கொள்வார்கள்.

நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர்தான் டீக்ஹாஃப். பருத்த உடம்பு, எண்ணெய்க் கறை போகாத நகங்கள். சாப்பாட்டுத் தட்டில் கீரையும் தொத்திறைச்சியும் தொடாமல் ஆறிக்கிடந்தன. முன்னால் இருந்த சாராயக் கிண்ணம் மட்டும் காலி.

"ஆப்பிரிக்காவா?" பிராக்மான் கேட்டதும் அவர் முகத்தில் களை வந்தது. "உக்காருங்க சொல்றேன். ஆளு வெந்து போற வெயில். லாரி எல்லாம் மணல்ல படுத்துருச்சு. என் வாளி வண்டி மட்டும், அந்தப் பருத்த டயரை வச்சுக்கிட்டு, வெண்ணெயில கத்தி போற மாதிரி போச்சு! பின்னாடி ரெண்டு காயம்பட்ட பசங்க..."

"இந்தப் பசங்க ஒவ்வொரு வாரமும் ஏறிக்கிட்டே போறாங்க," என்றார் மேஜையில் ஒருவர். "போன வாரம் ஒருத்தன்தான்." எல்லாரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான்.

"எனக்கும் மணல்ல கொஞ்ச நாள் ஓட்டின பழக்கம் உண்டு," என்றார் பிராக்மான். "எத்தனை பெரிய சண்டை நடந்தாலும் சாயங்காலம் எண்ணெய் பார்க்காம படுக்க விடமாட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா பின்ன! மணல் புகுந்துட்டா எல்லாம் போச்சே."

"எத்தனை இடத்துல பார்ப்பீங்க?"

டீக்ஹாஃப் தயங்கவே இல்லை. "ரெண்டு இடம். என்ஜின், கியர் பெட்டி. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"அதானே," என்று பிராக்மான் தனக்கு ஊற்றி வைத்த சாராயக் கிண்ணத்தைக் காலி செய்தார். "அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் குடுக்க முடியுமா? வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்க்கணும்."

டீக்ஹாஃபின் முகம் சாம்பல் பூத்தது. "அதெதுக்குங்க இப்ப? நசுங்கின வண்டி..."

"குடேன்யா," என்றார் பக்கத்தில் இருந்தவர். "நாங்களும் வர்றோம். சும்மாதானே இருக்கோம்!"

தெருவில் நடக்கும்போது டில்டா நெருங்கி வந்தாள். "பாஸ், எண்ணெய் விஷயத்துல அந்த ஆள் ஏதோ தப்பா சொன்னார். உங்க காது ஆடுச்சு."

"என் காது ஆடாது."

"ஆடும். அதனாலதான் நீங்க சீட்டாட்டத்துல தோக்கறீங்க."

* * *

கொட்டகையில் பிராக்மான் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். என்ஜின் இருந்த பின்பக்கத்தின் நசுங்கிய மூடியை லூயர்ஸ் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார். மேஜைக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். டீக்ஹாஃப் வாசல் நிலையில் சாய்ந்திருந்தார்.

"இந்தக் கைப்பிடி ஒரு பக்கம்தான் கவ்வும். என்ஜின் எந்தப் பக்கம் சுத்துமோ அந்தப் பக்கம்தான். சரியா?" என்று கேட்டார் பிராக்மான்.

"சரி," என்றார் லூயர்ஸ்.

"நீங்களே ஏறி முதல் கியரைப் போடுங்க."

லூயர்ஸ் ஏறிப் போட்டார். பிராக்மான் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் சுற்றினார். டில்டா சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள். சக்கரம் மெதுவாக அசைந்தது. டில்டா வாயைத் திறந்தாள், ஆனால் வழக்கமான கிண்டல் வரவில்லை.

"பாஸ்... பின்னாடி சுத்துது."

"ரிவர்ஸ்ல போட்டிருப்பார்," என்றது ஒரு குரல்.

"நான் முதல் கியர்லதான்யா போட்டிருக்கேன்!" லூயர்ஸ் கத்தினார். நம்பாமல் எடுத்து மறுபடி போட்டார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கியர்களையும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் சக்கரம் பின்னால்தான் சுற்றியது. கடைசியில் ரிவர்ஸைப் போட்டார். சக்கரம் சாதுவாக முன்னால் சுற்றியது.

தன் நேர்த்தியான கணக்கு கண்ணெதிரே குப்புற விழுந்ததை லூயர்ஸ் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

"இது எப்படிங்க?" என்றார் கடைசியில்.

"ஒரே வீட்டுல பொறந்த ரெண்டு வண்டி," என்றார் பிராக்மான். "ஒண்ணு இது, இன்னொண்ணு டாக்டரும் தபால்காரரும் ஓட்டற அந்த உருண்டைக் கார். ரெண்டுக்கும் கியர் பெட்டி வெளியில பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா பட்டாளத்து வண்டி மேடு பள்ளத்துல இடிக்காம உசரமா நிக்கணும். அதனால பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் உள்ள தனியா ஒரு ஜோடி பல்சக்கரம் வச்சாங்க." தன் இரண்டு முஷ்டிகளையும் ஒட்ட வைத்துக் காட்டினார். "ஒண்ணு வலமா சுத்தினா ஒட்டி நிக்கிறது இடமாத்தான் சுத்தும். அதைச் சரிக்கட்ட, பெட்டிக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கமா மாட்டியிருப்பாங்க. உருண்டைக் கார்ல அந்தத் தொல்லை இல்ல. அதோட பெட்டியை, உள்ள இருக்கிற அந்தப் பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டாம, அப்படியே கொண்டுவந்து இதுல பொருத்தினா..."

"முன்னாடிங்கறது பின்னாடி ஆயிடும்," என்று முடித்தாள் டில்டா.

"யாரு பொருத்தினது?" என்றார் ஒரு மேஜைக்காரர். "டீக்ஹாஃபா இருக்காது. அவன் ஆப்பிரிக்காவுல..."

"பின்சக்கரத்துக்குள்ள ஒரு ஜோடி பல்சக்கரம்னா அதுக்கும் எண்ணெய் வேணும்," என்றார் பிராக்மான். "என்ஜின் ஒண்ணு, பெட்டி ஒண்ணு, சக்கரம் ரெண்டு. மணல்ல ஓட்டினவன் தினம் சாயங்காலம் நாலு இடத்துல குனிஞ்சிருப்பான். எனக்கு இன்னும் முதுகு வலிக்குது. இவர் ரெண்டு இடத்துலதான் குனிஞ்சிருக்கார். இவர் பார்த்ததெல்லாம் உருண்டைக் கார்தான்."

எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. டீக்ஹாஃப் ஓடவில்லை. நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நுரையீரல் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார். "சண்டை முடியற வரைக்கும் பிரேமன் டவுன்ல ஒரு ஷெட்டுல டாக்டர் காரைத்தான் ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன். இந்த ஊருக்கு வந்தேன். எல்லார்கிட்டயும் ஒரு கதை இருந்துச்சு. கதை இல்லாதவனுக்கு அந்த மேஜையில நாற்காலி ஏது?"

"பெட்டியை எதுக்கு மாத்தினீங்க?"

"பழைய பெட்டியைப் பிரிச்சப்ப ஒரு பல்லை உடைச்சுட்டேன். கிட்ட ஒரு உருண்டைக் கார் சிதைஞ்சு கிடந்துச்சு. அதுல இருந்து எடுத்து... சரியாப் பொருந்திச்சுங்க. கச்சிதமாப் பொருந்திச்சு."

"யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"யாரைக் கேக்கறது?" டீக்ஹாஃப் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் என்கிட்டத்தானே கேப்பாங்க."

"வண்டி பின்னாடி போச்சுன்னதும் உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே," என்றாள் டில்டா.

"அன்னிக்கே புரிஞ்சிருச்சு. திங்கக்கிழமை கோர்ட்டுல சொல்லிடலாம்னுதான்..."

"எந்த வருஷத்துத் திங்கக்கிழமை?"

மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிக்கொண்டு வெளியேறினார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் விடுதிக் கொக்கியிலிருந்து ஒரு குவளை இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பிராக்மான் அவர் பக்கத்தில் குனிந்தார். கோபப்படத்தான் வேண்டும். ஒரு பெண்ணை உயிரோடு புதைக்கப் பார்த்த மனிதன். ஆனாலும் வெளியே வந்த சொல் வேறாக இருந்தது.

"சண்டைக்குப் போகாததுக்கா வெக்கப்பட்டீங்க? நான் போனதுக்கு வெக்கப்படறேன்யா. தினமும்."

பிறகு எழுந்து, "கூட்டிட்டுப் போங்க, லூயர்ஸ்," என்றார்.

* * *

சிறை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் டில்டா கேட்டாள்:

"பாஸ், கடைசியில ரிவர்ஸ் போட்டப்ப சக்கரம் முன்னாடி சுத்துச்சே. அதை அவங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்க மாட்டாங்கன்னு நினைக்கிறீங்களா?"

பிராக்மான் பெட்டியிலிருந்து இறங்கி உள்ளே போனார்.

ஹெர்த்தா எல்லாவற்றையும் அசையாமல் கேட்டாள். கியர்ப் பெட்டி, பல்சக்கரம், டீக்ஹாஃப். ஜட்ஜுக்கு லூயர்ஸே எல்லாவற்றையும் சொல்லப் போவதையும், நாளை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போகலாம் என்பதையும் சொன்னார்.

"உங்க கை தப்பு பண்ணலம்மா. முதல் தடவையும் பண்ணல, ரெண்டாவது தடவையும் பண்ணல."

அவள் வலது கையை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். அந்நியருடைய பொருளைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"அப்படின்னா," என்றாள் மெல்ல, "அவர் 'முன்னாடி'ன்னு கத்தினப்ப நான் ரிவர்ஸைப் போட்டிருந்தா..."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தன் கையை நம்பாதே என்று ஊரே பொய் சொல்லிக் கேட்டவள் அவள். இன்னொரு பொய்யை அவரும் கொடுப்பதா?

"ஆமாம்மா," என்றார். "விலகியிருக்கும்."

அவள் தலையாட்டினாள். வெகு நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவர் சொன்னதைத்தான் செஞ்சேன்," என்றாள். "பின்னாடி நின்னாரே, நான் முன்னாடி போவேன்னு நம்பித்தானே நின்னார்."

"ஆமா."

வெளியே டில்டா மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பிராக்மான் தொப்பியை எடுத்தார். அவருக்குப் போக ஒரு இடமும் இல்லை. பேக்கரிக்கு மேலே ஒரு அறை, ஆறிப்போன ரொட்டி, அவ்வளவுதான். இருந்தாலும் வேலை முடிந்ததும் எழுந்துவிடுவது அவர் வழக்கம்.

"கொஞ்ச நேரம் இருக்கறீங்களா?" என்றாள் ஹெர்த்தா. "எதுவும் பேச வேண்டாம்."

அவர் தொப்பியை மறுபடி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவளுடைய கை அதற்குப் பக்கத்திலேயே கிடந்தது, இப்போது அவள் அதை மறைக்கவில்லை.

வாசலில் என்ஜின் இன்னும் சிறிது நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு டில்டா அதை அணைத்துவிட்டாள்.